ஒற்றைக்கையனுக்கு எந்தக் கை?

தடாரென்று சத்தம் கேட்டுப் பத்திரிகை ஆசிரியர் நிமிர்ந்தார். முதலாளி வீசிய அச்சுத்தாள்கள் மேஜையில் விழுந்து, மசி காயாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பரவின.

"மெஷினை நிறுத்தச் சொல்லிட்டேன். அட்டையைப் பாருங்க. நல்லாப் பாருங்க."

ஆசிரியர் பார்த்தார். இடிந்த பாலத்தின் மேல் ஒற்றைக்கையன் நின்றுகொண்டிருந்தான். கீழே ஓநாய் வாயைப் பிளந்திருந்தது.

"நல்லாத்தானே சார் இருக்கு?"

"எந்தக் கை இல்லை அவனுக்கு?"

ஆசிரியர் அட்டையைக் கண்ணருகே தூக்கிப் பிடித்தார்.

அந்த வாரப் பத்திரிகையின் உயிரே ஒற்றைக்கையன் படக்கதைதான். வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணத்தில் டீர் என்றொரு தேவன் உண்டு. ராட்சத ஓநாய் ஒன்றைத் தந்திரமாகக் கட்டிப்போட தேவர்கள் முடிவு செய்தார்கள். ஓநாய்க்குச் சந்தேகம். உங்களில் ஒருத்தர் என் வாய்க்குள் கையை வையுங்கள், அப்புறம் கட்டுங்கள் என்றது. ஏமாற்றப்போகிறோம், கை போகப்போகிறது என்று தெரிந்தே டீர் தன் வலது கையை வைத்தான். போயிற்று. அந்த டீர் இன்றைய நகரம் ஒன்றில் துறைமுகக் காவலாளியாக வந்து, அக்கிரமக்காரர்களை இடது கையாலேயே துவைத்துக் காயப்போடும் கதை. எழுதி வரைவது ஆசிரியரின் மனைவிக்குத் தம்பி.

இந்த அட்டையில் வலது கை முழுசாக இருந்தது. இடது கையைக் காணோம். உள்பக்கங்களைப் புரட்டினார். எல்லாவற்றிலும் அப்படியே. வாங்கியவர், எழுத்துப் பதித்தவர், வண்ணம் போட்டவர், யாருக்குமே உறைக்கவில்லை. அவருக்கும்தான்.

"இது கையா, இல்ல அரசியல்வாதி நாக்கா? நேரத்துக்கு ஒரு பக்கம் புரளுது!" என்றார் முதலாளி. "உங்க மச்சான் வரைஞ்சதில்ல இது. கோடெல்லாம் நடுங்குது. வேற எவனோ வரைஞ்சிருக்கான். ஆளே ஆபீஸ் பக்கம் வர்றதில்லை."

"காய்ச்சல் சார். அதான் நடுவில சில வாரம் பழைய கதையைத் திருப்பிப் போட்டு சமாளிச்சோம். இந்தப் பக்கங்களை அவன் சம்சாரம்தான் கொண்டுவந்து கொடுத்துச்சு."

"காய்ச்சல்ல கை மாறுமா? இன்னைக்கே போங்க. உங்க கண் முன்னாடி புது அட்டை வரையட்டும். வரைஞ்சா இந்தக் கதையோட கடைசிப் பகுதியும் அவன்தான். இல்லேன்னா ஒற்றைக்கையனைக் கம்ப்யூட்டர் பசங்ககிட்டக் கொடுத்துடறேன். அவங்களுக்குக் காய்ச்சலும் வராது, ஜலதோஷமும் வராது."

ஆசிரியர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தக் கதையைப் பிடுங்கிவிட்டால் மச்சானிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று வழியெல்லாம் யோசித்தார்.

மச்சானின் மனைவி கதவைப் பாதி திறந்தாள்.

"தூங்குறாரு அண்ணே. சாயந்திரம் வாங்களேன்."

"நடுப்பகல்ல என்னம்மா தூக்கம்? எழுப்பு."

"விடு, வரட்டும்," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஜன்னலோரம் சாய்ந்த வரைபலகை. அதற்கு அப்பால், அலமாரியிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்த ஆளுயரக் கண்ணாடி. இப்புறம் கண்ணாடியைப் பார்த்த நாற்காலியில், புழுக்கத்திலும் போர்வையை வலது தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு மச்சான் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது.

"என்ன மாமா, அக்கா சண்டை போட்டுத் துரத்திட்டாளா?"

"உங்கக்கா துரத்தினா வெளியூருக்கே போயிருப்பேன்." ஆசிரியர் அட்டையை விரித்துப் பலகையில் வைத்தார். "என்னடா இது?"

மச்சான் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். முகத்திலிருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்தது.

"அடடா," என்றான் மெதுவாக. "இதை நான் நினைச்சே பார்க்கலை."

"வேற யாரு வரைஞ்சது? மறைக்காம சொல்லு."

"நான்தான் மாமா. ஒவ்வொரு கோடும் நான்தான்."

"அப்ப சுலபம். இந்தா பென்சில். முதலாளி ஒத்தைக்கால்ல நிக்கிறாரு. என் கண் முன்னாடி ஒரு அட்டை போடு. பத்திரமா கொண்டுபோய் அவர் மூஞ்சியில காட்டறேன். இல்லேன்னா கடைசிப் பகுதி உன்னுது இல்லை."

நீட்டிய பென்சில் அந்தரத்தில் நின்றது. மச்சான் வாங்கவில்லை. வாசற்படியில் நின்றிருந்த மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லிடுங்க. அண்ணன்தானே," என்றாள்.

"மாமாவுக்குத் தெரிஞ்சா அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும்," என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு உதட்டின் ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது. கடுகடுப்பாகப் பேச வந்தவர் குரலை இறக்கினார்.

"என்னடா ஆச்சு?"

மச்சான் எழுந்தான். மனைவி ஓடிவந்து தாங்கிக்கொண்டாள். நாற்காலியைக் கண்ணால் காட்டினான்.

"நீங்க உட்காருங்க மாமா. நான் எப்படி வரைவேன்னு ஒருநாளும் கேட்டதில்லையே. பென்சிலை வலது கையில பிடிங்க. வரையற மாதிரி பலகையில வைங்க. இடது கையை முதுகுக்குப் பின்னால கட்டிக்குங்க. இப்பக் கண்ணாடியைப் பாருங்க."

ஆசிரியர் பார்த்தார். கண்ணாடிக்குள் ஒருவன் தனக்கு எதிரே உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தான். அவனுக்கு வலது கை இல்லை. இத்தனை வருடம் அச்சான அதே தோள், அதே நிற்பு. தொந்திதான் அதிகம்.

"அட, அசல் ஒற்றைக்கையன்டா!"

"அவனை நான் கண்ணாடியிலிருந்துதான் எடுத்தேன். என்னைப் பார்த்தே வரைஞ்சு பழகிட்டேன். பார்க்கிறதைப் போடுவேன், யோசிக்கிறதில்லை." மூச்சு வாங்கினான். "இப்பப் பென்சிலை இடது கைக்கு மாத்திக்குங்க. வலது கையை மறைங்க."

ஆசிரியர் மாற்றினார். கண்ணாடிக்குள் இருந்தவனுக்கும் கை மாறியது. பலகைமேல் கிடந்த அட்டைப்படம் அப்படியே எதிரே உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் அவர் கவனித்தார். மசிப்புட்டி, தூரிகைகள், அழிரப்பர், எல்லாமே பலகைக்கு இடது பக்கம் இருந்தன.

அவர் கையிலிருந்து பென்சில் உருண்டு தரையில் விழுந்தது. எடுக்க யாரும் குனியவில்லை.

மச்சான் இடது கையால் போர்வையை விலக்கினான். வலது கை தோளிலிருந்து உயிரில்லாமல் துவண்டு தொங்கியது.

"பென்சில் பிடிக்கிற கையை எப்படி மாமா மறைக்க முடியும்? சும்மா கிடக்கிற கையைத்தான் எப்பவும் ஓநாய்க்குக் கொடுத்தேன். இப்பச் சும்மா கிடக்கிறது இதுதான்."