மலிகாவின் நிகர எடை

மகளுக்கு உபைதுல்லா போட்ட விலை கிலோ ஒரு கோடி. பேரம் கிடையாது, கடன் கிடையாது, எடுத்த சரக்கு வாபஸ் கிடையாது. குழந்தை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். "ரெண்டு கிலோ அறுநூத்திப் பத்து கிராம். அப்ப எவ்ளோ? நீங்களே போட்டுக்கோங்க." வந்தவர்களும் மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்று சிரித்து, கொடுத்த இனிப்பைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த முதல் குழந்தை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிற மனிதருக்குச் சந்தோஷம் வந்தாலும் எடையில்தான் வரும். கடையில் செம்பும் பித்தளையும் நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசைத் தினமும் சாயங்காலம் துணியில் சுற்றி, பைக்கில் வைத்து, டோல்கேட் பக்கத்தில் இருந்த வீட்டுக்குக் கொண்டுவருவார். தட்டைத் தேய்த்துக் கழுவி, அதில் துண்டை மடித்துப் போட்டு, துண்டின் எடையைக் கழித்து ஜீரோவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மகளை அதில் கிடத்துவார்.

"செம்பு நிறுத்த தராசுல எம் பொண்ண படுக்க வெக்கிறீங்களே" என்றாள் மனைவி ஜஸீமா.

"இரும்புத் தராசுல வெச்சா நீ கோவப்படு. இது ஒசத்தி சரக்குக்குன்னே வெச்சுகினு கீறது."

ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்து, மலிகா என்று பெயர் வைத்தார்கள். முடி ஒரு கிராமும் கொஞ்சமும் இருந்தது. அந்தக் கொஞ்சத்தை விட்டுவிடலாம் என்றார் நகைக்கடைக்காரர். உபைதுல்லா விடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, கொடுக்கிற பக்கம் நின்றுகொண்டு இரண்டு கிராமாகக் கூட்டிப் போட்டார். முடி போனதும் குழந்தையின் மண்டை மஞ்சளாகத் தெரிந்தது. வெயிலில் காட்டுங்கள் என்றார்கள் விருந்துக்கு வந்த பெண்கள். காட்டினார்கள்.

பிறந்த குழந்தைகள் முதல் வாரத்தில் கொஞ்சம் எடை இறங்கும், பயப்படாதீர்கள் என்று பிரசவம் பார்த்த நர்சிங் ஹோமில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். மலிகா இறங்கவே இல்லை. ஏழாம் நாள் 2.780. ஒன்பதாம் நாள் 2.960. பத்தாம் நாள் 3.140. பில் புத்தகத்தின் பின் அட்டையில் வரிசையாக எழுதினார். மறுநாள் காலையில் மார்க்கெட்டில் இரும்பு ரேட்டைக் கேட்கிறவர்களுக்கு முதலில் மகள் ரேட்டைச் சொன்னார்.

"பால் சரியா குடிக்க மாட்டேங்கறா. ரெண்டு வாய் சப்புறா, தூங்கிடறா" என்று ஜஸீமா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"குடிக்காமயா ஏறுது? தராசு பொய் சொல்லுமா?"

பதினோராம் நாள் சுடலைராஜ் வந்தான். எண்ணூர்ப் பக்கம் இடிக்கிற குடோன்களிலிருந்து பழைய பைப்பு எடுத்துவந்து போடுகிறவன். பதினைந்து வருஷப் பழக்கம். மினி லாரியிலிருந்து இறக்கிய பைப்புகளில் ஒன்றை உபைதுல்லா தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். ஒரு கம்பியை எடுத்து அதன் தலைமாட்டில் தட்டினார். ணங் என்றது. ஒரு முழம் தள்ளித் தட்டினார். ணங். நடுவில் தட்டியபோது மொத்தென்று ஒரு சத்தம் வந்தது, தலையணையில் குத்தினாற்போல.

"இன்னாடா சுடல, பைப்பு மாசமா கீதா?"

"பாய், மெய்யாலுமே எனக்குத் தெரியாது. மழைல மண்ணு பூந்துருக்கும்."

"நல்ல மழடா. நடுவுல மட்டும் பூந்து, ரெண்டு பக்கமும் துணி வெச்சு அடச்சுட்டுப் போயிருக்கு." அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "கைல தூக்குனா ஒடம்பு ஒல்லி, எடையப் பாத்தா தொந்தி. எடை ஏறுதுன்னு இளிச்சுகினு நின்னா நா எப்பவோ கடைய மூடியிருப்பேன். வரவு இல்லாம ஏறுறது அத்தினியும் மண்ணுதான்டா. எவன்கிட்ட..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. கம்பியைக் கீழே போட்டார். "எடை போட்டு நீயே எழுதி வெய்யி" என்று சுடலைராஜிடமே பில் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தார். மண் அடைத்த பைப்பைக் கொண்டுவந்தவனிடம் பில் புத்தகத்தைக் கொடுத்ததைப் பற்றி மார்க்கெட்டில் ஒரு வாரம் பேசினார்கள். சுடலைராஜ் அன்று மண்ணைக் கழித்துத்தான் எழுதினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் மலிகா தூங்கிக்கொண்டிருந்தாள். துணியை விலக்கிப் பார்த்தார். பத்து நாளாகப் பார்த்த அதே உடம்புதான். கையும் காலும் குச்சி. வயிறு மட்டும் மினுமினுவென்று உப்பி, பச்சை நரம்பு ஓடிக் கிடந்தது. இடது கை விரலை வயிற்றில் வைத்து, அதன்மேல் வலது கை விரலால் மெல்லத் தட்டினார். குழந்தை வயிறு டப்டப்பென்று சின்ன மேளம் போலக் கேட்க வேண்டும். மொத்தென்றது. இன்னும் கீழே தட்டினார். அங்கேயும் மொத்.

"இன்னாங்க பண்றீங்க?" என்று கேட்ட ஜஸீமா, அவர் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போனாள். பீரோவைத் திறந்து, புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள்.

"நர்சிங் ஹோம்ல குடுத்தாங்க. கண்ணு ஓரம், நாக்கு, உள்ளங்கை ரேகை எல்லாம் பாத்துட்டு, டவுன் சிண்ட்ரோமா இருக்கலாம், ரத்த டெஸ்ட் எடுக்கணும், ஒரு வாரத்துல இட்டுகினு வான்னாரு டாக்டரு. மூள வளர்ச்சி மெதுவா இருக்குமாம்."

"ஒரு வாரமா? இன்னிக்கி பதினொண்ணு. ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க ஊரெல்லாம் ரேட்டு சொல்லிகினு இருந்தீங்க. எப்டிங்க அத்த எறக்கறது?"

உபைதுல்லா சீட்டைச் சட்டைப் பையில் வைத்தார். குழந்தையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கப் போனார்.

அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் இருந்த டாக்டர் ஜெமிமாவுக்கு முப்பது வயதிருக்கும். சீட்டைப் படித்தார். கண்ணின் மஞ்சளைப் பார்த்தார். பிறகு இடது கை நடுவிரலை மலிகாவின் நெஞ்சில் வைத்து, வலது கை விரலால் தட்டத் தொடங்கினார். உபைதுல்லா பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தார். நெஞ்சில் திறந்த சத்தம். விலாவுக்கு மேலேயே மொத்தென்று ஆரம்பித்து, இறங்கி இறங்கித் தொப்புளையும் தாண்டிப் போன பிறகுதான் மாறியது.

"அங்கதான் முடியுது" என்றார் உபைதுல்லா.

டாக்டர் நிமிர்ந்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"பழைய இரும்பு மேடம்."

டாக்டர் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அளந்து, ஈரல் விலாவுக்குக் கீழே ஆறு சென்டிமீட்டர் என்று எழுதினார்.

மறுநாள் ரத்த ரிப்போர்ட் வந்ததும் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். பிறந்த குழந்தைக்கு வெள்ளை அணு இருபது, முப்பதாயிரத்துக்குள் இருக்கும். மலிகாவுக்கு ஒன்றேகால் லட்சம், அதில் பெரும்பாதி முதிராத அணுக்கள். பார்க்க அப்படியே ரத்தப் புற்றுநோய். டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கிற குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு இப்படி வரும். அநேகமாக இரண்டு, மூன்று மாதத்தில் தானாகவே போய்விடும்.

"தானா போறதுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ பெரிய வயிறு?"

"அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போது குழந்தைக்கு ரத்தம் ஊறுறது ஈரல்லதான். அதனால இந்த அணுக்கள் அங்கேயே போய்த் தங்குது. ஈரல் வீங்குது, தழும்பாகுது, வயித்துல தண்ணி சேருது. அணு போயிடும். அது போறதுக்குள்ள ஈரல் போயிடக் கூடாது, அதான் விஷயம். குறைஞ்ச அளவுல கீமோ ஊசி ஏழு நாள் போடப்போறோம்."

"நூத்துக்கு எவ்ளோ மேடம்?"

டாக்டருக்குப் புரிந்தது. "ஈரல் இந்த அளவுக்கு வீங்கினவங்கள்ல நாலுல ஒண்ணு தங்கறதில்ல."

"அஞ்சுல ஒண்ணுன்னு போடுங்க."

"இது என் கடை ரேட்டு இல்லீங்க" என்றார் டாக்டர் ஜெமிமா. கோபமாகச் சொல்லவில்லை. ஜஸீமா எழுந்துவிட்ட கணவரின் சட்டைக் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

வார்டில் தினமும் காலை ஆறு மணிக்கு எடை. நர்ஸ் சத்தமாகப் படிப்பார், வாசலில் நிற்கிற அப்பாக்கள் குறித்துக்கொள்வார்கள். சேர்த்த அன்று 3.170. இரண்டாம் நாள் 3.210. மூன்றாம் நாள் 3.240 என்றபோது பக்கத்தில் நின்றவர் கைகுலுக்க வந்தார். முகத்துவாரக்குப்பத்துக்காரர், சைமன், குறைமாதத்தில் பிறந்த பையனை வைத்துக்கொண்டு பத்துப் பத்து கிராமாக எண்ணிக்கொண்டிருந்தவர்.

"ஏறுதே பாய், அப்பால இன்னா மூஞ்சிய தொங்கப்போட்டுகினு கீற?"

"ஏறக் கூடாது நைனா. எறங்கணும்."

அன்று மத்தியானம் வயிறு நெஞ்சை நெருக்கி மலிகாவுக்கு மூச்சு இழுத்தது. ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு வயிற்றிலிருந்து அறுபது மில்லி நீர் எடுத்தார்கள். உபைதுல்லா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அறுபது மில்லி என்றால் அறுபது கிராம். அவர் போட்ட விலையில் ஆறு லட்ச ரூபாய்த் தண்ணீர். மார்க்கெட் முழுக்கக் கூவி விற்றது இதைத்தானா என்று நினைத்தார். பையிலிருந்த சீட்டில் 0.060 என்று எழுதினார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஊசி ஆரம்பித்து ஐந்தாம் நாள் காலை. நர்ஸ் படித்தார்: "மலிகா, மூணு கிலோ தொண்ணூறு."

உபைதுல்லா கைதட்டினார். "எடை கொறஞ்சா கைதட்டற அப்பாவ இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று நர்ஸ் முறைத்தார்.

"உம் பொண்ணு எறங்கினா நீ சிரிக்கிற, எம் பையன் ஏறினா நா சிரிக்கிறேன்" என்றார் சைமன். "ரெண்டு பேரையும் ஒரே தராசுல போட்டா கணக்கு நேராயிடும், வா."

அதன்பிறகு எல்லா நாளும் இறங்கியது என்று சொல்ல முடியாது. நடுவில் காய்ச்சல் வந்தது. இரண்டு தடவை பிளேட்லெட் என்கிற தட்டணு ஏற்றினார்கள், ஒரு தடவை அது சைமன் கொடுத்தது. ஆனால் வயிற்றில் பேனாக் கோடு விரல் விரலாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. பிறந்து முப்பதாம் நாள் 2.590. அன்று ஜஸீமா வயிற்றைத் தொட்டுவிட்டு, "பஞ்சு மாதிரி கீதுங்க" என்றாள். அதிலிருந்து ஏறிய ஒவ்வொரு கிராமும் பால்.

எழுபதாம் நாள் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். முதிராத அணு ஒன்றுகூட இல்லை. கண்ணில் மஞ்சள் இல்லை. ஈரல் விலாவுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர். இந்த வயதுக் குழந்தைக்கு அது இருக்கக்கூடியதுதான் என்றார் டாக்டர் ஜெமிமா.

"ஆனா முழுசா முடியல. நாலு வயசு வரைக்கும் மூணு மாசத்துக்கு ஒரு தடவ ரத்தம் பாக்கணும். சில குழந்தைகளுக்கு இது நிஜமான ரத்தப் புற்றுநோயாவே திரும்பி வரும். வந்தா மருந்து இருக்கு, சீக்கிரம் கண்டுபிடிச்சுடணும்."

உபைதுல்லா தயங்கிக் கேட்டார். "எத்தினில ஒண்ணு மேடம்?"

"அஞ்சுல ஒண்ணு."

அன்று அவர் கேட்ட ரேட்டு. இப்போது கிடைத்திருக்கிறது. தலையாட்டிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பில் புத்தகத்தில் புதுத் தாள் திருப்பிக் கணக்கு எழுதினார். ஜஸீமா மலிகாவை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மண்ணுன்னு ஒண்ணு கழிச்சிருக்கீங்களே, அதுல அந்த டவுன் சிண்ட்ரோமும் சேந்துச்சா?"

"அது எப்டிச் சேரும்? அது பைப்புக்குள்ள போட்ட மண்ணு இல்ல. பைப்பே அதான்."

"எம் பொண்ணு பைப்பா?"

"ஒசத்தி பைப்பு."

ஜஸீமா தலையணையை எடுத்து அவர்மேல் போட்டாள். பத்து வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. தாளில் விலை என்று அச்சடித்த கட்டம் ஒன்று இருந்தது. உபைதுல்லா அதன்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு, மீதியை எழுதி முடித்தார்.

சரக்கு: மலிகா
சேர்த்த அன்று: 3.170
கழிவு, மண்ணும் தண்ணீரும்: 0.580
நிகரம்: 2.590
பால் வரவு: 0.790
இன்று: 3.380
ரத்த டெஸ்ட், மொத்தம்: 16
ஆனது: 1
பாக்கி: 15