இசைவு கேளாக் கரை

உலகின் வடதலையில், நிலம் தன் கடைசிக் கருங்கல்லையும் கடலுக்குள் நீட்டிவிட்டு ஓய்ந்து நிற்கும் இடத்தில், நண்பகலிலேயே ஞாயிறு மலைமுகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும் கூதிர்ப் பருவத்து நாளொன்றில், லோம்விநெஸ் என்னும் மீனவர் குடியிருப்பின் சாம்பல் மேட்டிலிருந்து ஒற்றைப் புகை எழுந்துகொண்டிருந்தது. புகைந்தவை வீடுகள் அல்ல; அவை எரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. தோற்றுப் பின்வாங்கிய அயற்படை, வீடும் படகுக் கொட்டிலும் கோயிற்கதவும் எஞ்சாமல் தீக்கிரையாக்கி, மக்களை மந்தையெனக் கப்பலில் ஏற்றித் தெற்கே அனுப்பியிருந்தது. போர் முடிந்த பின்னும் எவரும் வடக்கே திரும்பலாகாது என்பது புதிய அரசின் ஆணை. அவ்வாணையைக் காதில் வாங்காமல் வந்துவிட்ட மூவரின் அடுப்புப் புகையே அது.

அக்கரைக்கு அழிவு புதிதன்று. முன்னொரு தலைமுறையில் பேரலை ஒன்று ஊரைத் துடைத்துச் சென்றது. பின்னொரு தலைமுறையில் கொள்ளைநோய் பாதிப்பேரைக் கொண்டுபோயிற்று. மீனே வராமல் ஏமாற்றிய நெடிய ஆண்டுகளும் இருந்தன. எஞ்சியோர் ஒவ்வொரு முறையும் அதே வழுக்குப் பாறையில் ஏறி, அதே காற்றை ஏசிக்கொண்டே, மறுபடியும் கால் ஊன்றினர்.

மூவருள் முதல்வி தோர்டிஸ். கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள். தென்னகரில் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்து ஓராண்டு கழித்தவள். ‘வடக்கத்தி’ என்று கடைக்காரன் அழைத்த ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்தவள். அவளுடன் சிறு துடுப்புப் படகொன்றில் வந்தவர் இருவர்: கணவனின் தம்பி எட்வின், கிழக்கெல்லைக் குடியில் பிறந்து அண்டைவீட்டில் வாழ்ந்த முதுமீனவன் ஈசக். பாதி எரிந்து கரையில் கிடந்த பழம்படகைக் கவிழ்த்து, சுற்றிலும் புல்மண்ணை அடுக்கி, அதனுள் குடிபுகுந்தனர்.

தொலைநாட்டு ஆறுகள் கடலில் தள்ளி, அலைகள் கரைசேர்த்த மரங்களால் வீடெழுப்பலாம் என்றான் எட்வின். தோர்டிஸோ அவற்றை எல்லாம் நட்டுக் கட்டி, மீன் உலர்த்தும் பரண்களாக்கினாள்.

“நல்லா இருக்கு நியாயம்! மீனுக்கு மாளிகை, மனுசனுக்குக் கவுத்த படகு,” என்று சிரித்தான் ஈசக்.

“மீன் வாடகை குடுக்கும் ஈசக்கண்ணே. நீங்க குடுப்பீங்களா?”

அந்த ஒற்றைப் புகை எழுந்த நாளின் நண்பகலில், அரசின் சாம்பல்நிறக் கலம் குடாவில் நங்கூரமிட்டது. இறங்கி வந்த அலுவலர் ஹாகெரூப் இளைஞர். பல நாள் உறங்காத கண்ணினர். காலணி வழுக்கப் பாறையேறி வந்து, பரண்களில் வாலோடு வால் பிணைந்து தொங்கிய மீன்களை வியப்போடு நோக்கினார்.

“இருட்டுறதுக்குள்ள கப்பல்ல ஏறிடுங்கம்மா. இந்த ஊரைத் திரும்பக் கட்டப்போறதில்ல. துறை சரியில்ல, வீடும் இல்ல. எல்லாரையும் பெரிய துறைமுகத்துல குடியமர்த்தப் போறோம்.”

“வீடு எரிஞ்சுது. கடல் எரியலையே ஐயா?”

“மாவு வராது. மருந்து வராது. விளக்குமாடம் எரியாது. அங்க மேற்குக் குடாவுல போன வாரம் ஒரு குடும்பத்தையே விறைச்ச நெலமையில பாத்துட்டு வந்தேன். நான்தான் தூக்கினேன்.” அவர் குரல் உடைந்தது. அதில் மிரட்டல் இல்லை. அதனாலேயே அது கொடிதாயிருந்தது.

தோர்டிஸ் பரணில் நழுவிய மீன் ஒன்றை மீண்டும் பிணைத்துவிட்டாள். பிறகு, “நீங்க நல்லவருதான். அதுக்காக நான் ஏற முடியாது. ஊரைக் கொளுத்தினவனும் கப்பல்ல ஏறுன்னான், நீங்களும் ஏறுங்கறீங்க. ஒருதடவை ஏறினேன், போதும். செத்துட்டா வந்து என் மேல கல்லை அடுக்கிட்டுப் போங்க,” என்றாள்.

“எனக்கும் சேத்து அடுக்கிடுங்க தம்பி, பெரிய கல்லாப் பாத்து,” என்றான் ஈசக்.

அப்போது எட்வின் தலைகுனிந்தவாறு கவிழ்படகினுள் சென்று, தன் மூட்டையுடன் வெளியே வந்தான். தெற்கில் விட்டுவந்த மனைவியின் நினைவும், விறைத்த குடும்பத்தின் செய்தியும் அவனை வென்றுவிட்டிருந்தன.

“அண்ணி, என்னால முடியல. பயமா இருக்கு.”

துடுப்புக்கு மூவர் வேண்டும்; இருவரால் அக்கடலை ஆள்வது அரிது. அதை அவனும் அறிவான், அவளும் அறிவாள். நெஞ்சில் விழுந்த அடியை முகத்துக்கு ஏறவிடாமல், பரணிலிருந்து அவன் பங்கு மீனை இறக்கிக் கட்டிக் கையில் கொடுத்தாள் தோர்டிஸ்.

“உன் பொண்டாட்டிக்குக் குடு. நம்ம மீனு ருசியாவது அவளுக்கு மறக்காம இருக்கட்டும்.”

கலம் மறைந்தது, சில நாட்களில் ஞாயிறும் இரு மாதங்களுக்கு எழாமல் மறைந்தது. பனி புல்மண் சுவரைத் தின்றது. மீனீரல் எண்ணெய் விளக்கின் கீழ், உலர்மீனைச் சம்மட்டியால் தட்டி மென்மையாக்கி உண்டனர். காற்று தணிந்தபோதெல்லாம், இருவராகவே துடுப்பு வலித்துச் சென்று தூண்டில் இட்டனர். ஒருமுறை அலை தூக்கியெறிந்ததில் ஈசக்கின் விலா எலும்பு முறிந்தது. அவன் படுத்த நாட்களில் அவள் தனியே பாறையில் நின்று தூண்டில் வீசினாள். கவிழ்படகின் எரிந்த பாதியை மூடியிருந்த கூரை பறந்துபோன ஒரு நாள் மட்டும் அழுதாள், அதுவும் சினத்தால். அழுதுகொண்டே ஏறிக் கூரையை மீண்டும் கட்டினாள்.

ஞாயிறு மீண்டு, பனியின் மேல் செம்பொன் நீர்போல் பரவிய ஒரு முற்பகலில், கடற்பறவைகள் வெண்புயலெனக் கூச்சலிட்டுக் குடாவுக்குள் நுழைந்தன. அவற்றின் கீழே சிறுமீன் திரள். அதைத் துரத்திக்கொண்டு, நீரையே நிறம் மாற்றியவாறு பெருமீன் திரள். தோர்டிஸ் படகைத் தள்ளக் குனிந்தபோது, முனைப்பாறையைச் சுற்றி ஒரு பாய் தெரிந்தது. அதன் பின்னே இன்னும் இரண்டு. முதற்படகில் ஆணி மூட்டைக்கும் சன்னற்கண்ணாடிக்கும் நடுவே எட்வினின் மனைவி அமர்ந்திருந்தாள். எட்வின் நீரில் குதித்து, இடுப்பளவு குளிரில் நடந்துவந்து, எதிரே நின்றான்.

“அண்ணி... இசைவு எதுவும் வாங்கல. சும்மா கிளம்பி வந்துட்டோம்.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பேச்சப் பாரு! மீன் வந்து நிக்குது. கையுறையப் போடு, ஏறு.”

பின்னாட்களில் அரசு அக்கரையில் விளக்குமாடம் எழுப்பியது. துறையும் கட்டித் தந்தது. திறப்புநாளில் அங்குக் குடியமர அரசு அளித்த இசைவைப் பெரியோர் பலர் புகழ்ந்து பேசினராம். ஊரார் எவரும் கேட்கவில்லை. அன்று காற்று தணிந்திருந்தது. எல்லாரும் கடலில் இருந்தனர்.