வெறுந்தரை

மறுபடியும் ஒரு நாற்காலி திருமலையின் முழங்கால்களுக்குப் பின்னால் வந்து இடித்தது. யாரோ தோளைப் பிடித்து அழுத்தினார்கள். உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டான். கூடத்தில் பாய் மேல் அவன் மனைவி ஹரிதாவைக் கிடத்தியிருந்தார்கள். அவள் கீழே கிடக்க, தான் மட்டும் உயரத்தில் உட்கார்ந்து அவளைக் குனிந்து பார்ப்பது அவனுக்கு ஒப்பவில்லை.

"காலையில இருந்து நின்னுகினே கீற," என்றார் பெரியப்பா விஜயராகவன். "மயக்கம் கியக்கம் வந்துரப் போவுது. குந்துப்பா."

"இருக்கட்டும் பெரிப்பா."

பெரியப்பா நாற்காலியை எடுக்கவில்லை. அது அவன் பின்னாலேயே நின்றது.

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். சித்தூரில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் ரத்தம் கசிகிறது, உடனே திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். கொண்டுபோனான். அடுத்த நாள் விடியும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கு முப்பத்தொரு வயது. திரும்பி வரும் வழியில், காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் வளைவைத் தாண்டியபோது ஆம்புலன்ஸ் டிரைவர் ஒரு கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பழக்கம். திருமலையின் கையும் பாதி தூரம் போய் நின்றது.

இப்போது வீடு முழுக்க ஆட்கள். பெண்கள் அவளைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் வாசலில், பந்தலுக்கடியில், சிவப்பு நாற்காலிகளில். திருமலையின் அப்பா கன்னையா மட்டும் நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட் ஓரமாகக் குத்துக்காலிட்டு இருந்தார். எழுபது வயது. எப்போது பார்த்தாலும் அப்படித்தான் இருப்பார்.

ஹரிதாவுக்கும் அதேதான். வீட்டில் சோபா இருந்தது. அதில் துவைத்த துணிதான் உட்காரும். அவள் காய் நறுக்குவது, நோட்டு திருத்துவது, அம்மாவோடு போன் பேசுவது எல்லாம் தரையில். சண்டை போடுவதென்றாலும் கீழே உட்கார்ந்துகொண்டுதான் போடுவாள். நிற்கிறவனுக்குத் தலையைக் குனிந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதிலேயே அவன் பாதி தோற்றுவிடுவான்.

அவனால் தரையில் உட்கார முடியாது. ஆள் உயரம், வேலை திருப்பதியில், கம்ப்யூட்டர் முன்னால். போக வர பஸ் சீட், நடுவில் ஆபீஸ் நாற்காலி, ராத்திரி கட்டில். பைக்கிலிருந்து விழுந்ததில் வலது முழங்கால் வேறு ஒருமாதிரி ஆகியிருந்தது. ஹரிதா அதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"உங்க நைனாவப் பாரு. கைய ஊனாம எழுந்துக்கிறாரு. நீ முப்பத்திநாலுக்கே கெழவன்."

"அவருக்குச் சேர் வாங்க வக்கில்ல, குந்துனாரு. எனுக்கு இன்னா?"

"நாளைக்கு நமக்கு வயசாவும்ல மாமா. உன்னத் தூக்கித் தூக்கியே எனுக்கு இடுப்பு போயிடும். அப்புறம் என்ன யாரு தூக்கறது?"

மழைக்காலம் தொடங்கியபோது ஆரம்பித்தாள். முதலில் பஞ்சு வைத்த ரஜாய் ஒன்றை நாலாக மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார வைத்தாள். பிறகு மடிப்பைக் குறைத்தாள். பிறகு ரஜாய் போய்ப் போர்வை வந்தது. சாயங்காலம் அவன் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து காபி குடித்ததும் இதுதான் வேலை. எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஆகாயத்தைப் பார்த்து நிற்கும் அவன் வலது முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்துவாள்.

"மூச்சப் புடிக்காத. விடு."

"வலிக்குது டீ."

"ஒண்ணாங்கிளாஸ் பசங்க கூட இவ்ளோ அழாது. விடு மூச்ச."

அவள் குனியும்போது வகிடு அவன் முகத்துக்கு நேராக இருக்கும். தேங்காயெண்ணெய் வாசனை. வலி குறைந்த பிறகும் குறையவில்லை என்று சொன்ன நாட்கள் உண்டு.

பொங்கலுக்குள் போர்வையும் இல்லாமல் வெறுந்தரையில் உட்கார வைத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். இது மார்கழி.

வாசலில் பெண்கள் நாலைந்து பேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஹரிதா வேலை செய்த தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர்கள். முன்னால் வந்த கிரேஸ் டீச்சர் மாலையை வைத்துவிட்டு, ஹரிதாவின் கால் பக்கமாகக் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு திருமலையிடம் வந்தார்.

"பசங்களும் வரேன்னு அழுதாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

அவன் தலையசைத்தான்.

"உங்களப் பத்தி தெனமும் சொல்லுவா தம்பி. இன்னிக்குக் கொஞ்சம் நேரம் அதிகமா குந்துனாரு டீச்சர், இன்னிக்கு அழல டீச்சர்னு. ஸ்டாஃப் ரூம்ல அத்தினி பேருக்கும் உங்க முட்டியப் பத்தித் தெரியும்." சிரிக்கப் போன முகம் வேறெங்கோ போய்விட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "வெறுந்தரையில குந்துனா எங்களுக்கெல்லாம் ஸ்வீட்டுன்னு சொல்லியிருந்தா."

இது அவனுக்குத் தெரியாது.

புரோகிதர் வந்ததும் வீட்டில் ஒரு பரபரப்பு. திருமலையைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈர வேட்டியோடு கூடத்துக்கு வந்தான். ஹரிதாவை அதற்குள் கல்யாணப் பட்டுக்கு மாற்றியிருந்தார்கள். நெற்றி நிறையக் குங்குமம், முகமெல்லாம் மஞ்சள், தலை கொள்ளாத பூ.

"பூவும் பொட்டுமா போறா, மகராசி," என்றாள் யாரோ ஒரு அத்தை.

"எத்தினி பேருக்குக் கெடைக்கும்," என்றாள் இன்னொருத்தி.

அவனுக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. வேட்டியிலிருந்து தண்ணீர் காலில் சொட்டுவது மட்டும் தெரிந்தது.

புரோகிதர் அவள் தலைமாட்டுப் பக்கம் இடம் பண்ணி, தண்ணீர்ச் செம்பையும் அரிசியையும் எள்ளையும் வைத்தார். திருமலையின் கையில் ஒரு தர்ப்பைப் புல்லைக் கொடுத்தார். "ரா நாயனா. இக்கட கூர்ச்சோ. இங்க குந்து, கால மடிச்சி, தெக்க பாத்து."

திருமலை தரையைப் பார்த்தான். சிவப்பு சிமெண்டுத் தரை. புல்லோடு அப்படியே நின்றான்.

"இவனால ஆவாது சாமி," என்றார் பெரியப்பா. "இவனுக்குக் கால் மடங்காது. கல்யாணத்துலயே மணையில இருந்து எழுந்துக்க முடியாம..." அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள்தான். தாலி கட்டி முடித்து, அக்கினியைச் சுற்றிவர எழச் சொன்னபோது மாப்பிள்ளைக்கு இரண்டு காலும் மரத்துப்போயிருந்தது. பாதி எழுந்து அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தான். கழுத்தில் ஈரத் தாலியோடு ஹரிதாதான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். மண்டபமே சிரித்தது. பொண்ணு கைதான் ஓங்கும் என்று மைக்கில் யாரோ சொன்னார்கள். இன்று யாரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"சேர்ல குந்திப் பண்ணலாமா சாமி?"

"அது லேதண்டி. பூமியில குந்திதான் செய்யணும்." புரோகிதர் சுற்றிலும் பார்த்தார். "முடியலன்னா பர்வாலேது. பொண்ணோட தம்பி இருக்காரா? அந்தப் புல்ல அவரு கையில குடுத்து, எனக்குப் பதிலா நீ செய்யின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"சாயி, வாடா," என்றார் பெரியப்பா.

ஹரிதாவின் தம்பி சாய்குமார் வந்தான். யாரும் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டான். இடது பாதத்தை முதலில் உள்ளே இழுத்து, வலதை அதன் மேல் போட்டு, முதுகை ஒரு தரம் நிமிர்த்தி. அப்படியே ஹரிதா உட்காருவது போல.

"குடு பா. நேரமாவுது," என்றார் பெரியப்பா.

சாய்குமார் கையை நீட்டினான். திருமலையின் விரல்களுக்கிடையில் புல் இருந்தது. கொடுப்பது சுலபம். இரண்டு விரல் திறந்தால் போதும்.

அப்பா கன்னையா எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. நிலைப்படியில் நின்று, "அவனக் கேளுங்க," என்றார். "அவனுக்கு வாய் இல்லியா?"

திருமலை விரல்களை மூடிக்கொண்டான்.

"நானே குந்துறேன்," என்றான்.

மாமியார் அம்சவேணி கூட்டத்திலிருந்து எழுந்தாள். உள் அறைக்குப் போய்ப் போர்வையோடு வந்தாள். சாயங்காலங்களில் போடுகிற அதே நீலக் கட்டம் போட்ட போர்வை. மடிப்புக் கூட அதே அளவு. காலையிலிருந்து அழுத குரலில் அவளுக்குப் பாதிதான் மிச்சமிருந்தது. "இதப் போட்டுக்க மாப்ள. போர்வ போட்டா குந்துறாரும்மான்னு சொன்னா எங்கிட்ட."

"துணி கூடாதம்மா," என்றார் புரோகிதர்.

அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

திருமலை சுவரில் ஒரு கையை ஊன்றினான். இடது காலை மடக்கினான். வலது கால் மடங்க மறுத்தது. முழங்காலுக்குள் எதுவோ கம்பி போல இழுத்தது. பெரியப்பா தாங்கப் பிடிக்க வந்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கடைசி ஒரு சாண் அவன் கட்டுப்பாட்டில் இல்லை, தொப்பென்று விழுந்தான். செம்பில் தண்ணீர் ததும்பியது. யாரும் சிரிக்கவில்லை. தரை ஜில்லென்றிருந்தது.

காலை உள்ளே இழுத்தான். வலது முழங்கால் மேலே நின்றது. அது அப்படி நின்றால் செம்பைச் சாய்க்கக் கை எட்டாது. புரோகிதர் காத்திருந்தார். சாய்குமார் பக்கத்திலேயேதான் இருந்தான். உதவி செய்யும் நினைப்பில் உள்ளங்கையை அந்த முழங்கால் மேல் வைத்தான். மெதுவாக அழுத்தினான்.

"கைய எடு சாயி."

"மாமா, கொஞ்சம் அமுத்துனா..."

"எடு."

சத்தமாகச் சொல்லவில்லை. சாய்குமார் சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டான். அவன் கண்கள் நிறைந்துவிட்டன. மாமா ஏன் அப்படிச் சொன்னார் என்று அவனுக்குப் புரிந்ததா, தெரியாது. அவன் கை இருந்த இடம் சூடாக இருந்தது. அந்தச் சூடு ஆறட்டும் என்று திருமலை காத்திருந்தான்.

பிறகு மூச்சை விட்டான். பிடித்து வைத்திருந்தது எவ்வளவு என்று விடும்போதுதான் தெரிந்தது. முழங்கால் நடுங்கியது. கொஞ்சம் இறங்கியது. இன்னொரு மூச்சு. இன்னும் கொஞ்சம். முழுக்க இறங்கவில்லை. செம்புக்குக் கை எட்டியது.

புரோகிதர் மந்திரத்தைத் தொடங்கினார். சொன்னதைச் சொன்னான். விடச் சொன்னபோது தண்ணீர் விட்டான். ஹரிதாவின் முகம் பக்கவாட்டில், அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. காதோரம் சின்ன முடி ஒன்று மஞ்சளில் ஒட்டியிருந்தது. இடையில் ஒருமுறை, "முடியுதா நாயனா?" என்று கேட்டார் புரோகிதர். "செய்யுங்க," என்றான். வலி இடுப்பு வரைக்கும் ஏறியிருந்தது. ஆனாலும் மந்திரம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாதே என்றிருந்தது அவனுக்கு.

முடிந்தது. அப்பாவும் சாய்குமாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

நீவா ஆற்றில் தண்ணீர் இல்லை. காரியம் முடித்து, கரையிலிருந்த மோட்டார்க் குழாயடியில் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். வீட்டில் பந்தல்காரர்கள் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவள் கிடந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. ஆற்றுக்குப் போய் வந்தவர்கள் வாசலில் நின்று விளக்கைப் பார்த்தார்கள்; சொல்லிக்கொள்ளாமல் ஒவ்வொருவராகப் போனார்கள்.

திருமலை உள்ளே வந்தான்.

"தர ஈரமா கீது பா," என்றார் பெரியப்பா வாசலிலிருந்து. "ஒரு சேர் போடச் சொல்லட்டா?"

"வேணாம் பெரிப்பா."

விளக்குக்குப் பக்கத்தில், செல்போன் சார்ஜ் போடுகிற பிளக் இருக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். இந்த முறையும் கடைசி ஒரு சாண் விழுந்தான். சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினான். ஈரம் வேட்டியில் ஏறியது. இங்கிருந்து பார்த்தால் வீடு வேறாக இருந்தது. மேசைக்கு அடிப்பக்கம் தெரிந்தது. சோபாவுக்கடியில் ஒரு பேனா கிடந்தது.

அம்சவேணி பக்கெட்டும் துணியுமாக வந்தாள். தரை முடிந்து, சுவரின் கீழ்ப்பகுதியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மண்டியிட்டபடியே நகர்ந்து நகர்ந்து அவன் பக்கம் வந்தாள்.

"கொஞ்சம் நவுரு மாப்ள. அங்க அழுக்கா கீது."

அவன் திரும்பிப் பார்த்தான். அவன் காதுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சுண்ணாம்பின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு எண்ணெய்க் கறை. ஹரிதா தலை சாய்த்துச் சாய்த்து இறங்கியது. இத்தனை வருஷம் இந்தச் சுவரைக் கடந்து போயிருக்கிறான். நின்றால் கண்ணில் படாத உயரம்.

அவன் நகரவில்லை.

அம்சவேணி துணியோடு கையைத் தூக்கியவள், பாதியில் நிறுத்தினாள். அவனைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். துணியைப் பக்கெட்டில் முக்கி எடுத்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்தாள். பிறகு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போனாள்.

அவன் சாய்ந்திருந்த சுவரில் ஈரம் அந்தக் கறைக்குச் சற்று முன்னால் வந்து நின்றிருந்தது.