வெள்ளிக்கிழமைப் பக்கம்

மருந்துக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்கிற சின்னக் கம்பெனி அது. முதலாளி அவளுடைய அக்கா வீட்டுக்காரர். மொத்தம் ஒன்பது பேர் பிழைப்பு. எதிராளியோ யானை. அந்த யானை இந்தப் பக்கம் எப்போது காலை வைக்கும் என்று மோப்பம் பிடிப்பதுதான் அவளுக்கு வேலை. எந்தக் கடைக்காரரை வளைக்கிறார்கள், எந்த மண்டபத்தைப் பிடித்திருக்கிறார்கள், என்ன விளம்பரம் போட்டு ஆள் எடுக்கிறார்கள், எல்லாவற்றையும் எழுதி வெள்ளிக்கிழமை அத்தானிடம் கொடுப்பாள். கடைசிப் பக்கம் அத்தான் கேட்டு வாங்குவது: நம்மில் யார் போனால் நமக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகும்?

விளம்பரம்தான் முதலில் கிலி கொடுத்தது. மருந்துக் கடை சாஃப்ட்வேர் தெரிந்தவர் தேவை என்று போட்டால் சரி. ‘கேள்வி கேட்டால் முதலில் ஜன்னலைப் பார்ப்பவர், அப்புறம் தப்பில்லாமல் பதில் சொல்பவர்’ என்று எந்தப் பைத்தியக்காரன் ஆள் தேடுவான்? ஆபீசில் அப்படி ஜன்னலைப் பார்க்கிறவன் ஒருவன்தான், சுருட்டை முடிக்காரன். அவனிடமே காட்டினாள்.

“யாரோ விளையாடறாங்க. நான் எங்கேயும் போகப் போறதில்லை,” என்று சிரித்தான்.

பத்தாம் நாள் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நின்றான். “நான் அப்ளை பண்ணவே இல்லைங்க. அவங்களே கூப்பிட்டாங்க. என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்காங்க.” ஜன்னலைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

அடுத்து டெஸ்டிங் பார்த்தவர். அதற்கடுத்து, கடைக்காரர்களிடம் போனில் இனிக்க இனிக்கப் பேசி ‘சக்கரை’ என்று பேர் வாங்கியவர். திங்கட்கிழமை விளம்பரம், பத்தாம் நாள் காலி நாற்காலி. சக்கரைக்கான விளம்பரத்தை அவள் இரண்டு தடவை படித்தாள். ‘கோபமாகக் கூப்பிட்டவரையும் சிரிக்க வைத்துத்தான் போனை வைப்பார்.’ வெள்ளிக்கிழமைக் கடைசிப் பக்கத்தில் அவளே எழுதிய வரி. ஓர் எழுத்து மாறவில்லை. அதைப் படிப்பவர் உலகத்தில் ஒரே ஆள்.

சே, அத்தானா? இனி அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட முடியுமா? அந்த வெள்ளிக்கிழமை, இல்லாத ஒருத்தியை உண்டாக்கினாள். அத்தான் மாடிப்பக்கம் எட்டியே பார்ப்பதில்லை என்ற தைரியம். ‘மாடியில் சம்பளமில்லாமல் வேலை பழக வந்திருக்கும் பெண். செருப்பை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் உட்காருவாள். யோசித்தால் உதட்டைக் கடிப்பாள். எல்லாரும் போன பிறகு விளக்கை அணைப்பவள்.’ அவசரத்தில் கைக்கு எட்டியதை எழுதினாள்.

திங்கட்கிழமை விளம்பரம் வந்துவிட்டது. செருப்பு, உதடு, விளக்கு, எல்லாம் இருந்தன. போய்க் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. பத்தாம் நாள் அத்தானே கூப்பிட்டார். மேஜைக்கு அடியில் தள்ளிவிட்ட செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு எழுந்து போனாள்.

“சுத்தி வளைக்கலை. அவங்க அடுத்த மாசம் கடைகள்ல இறங்கறாங்க. நம்மால தாக்குப் பிடிக்க முடியாது. அதான் நீ எழுதிக் கொடுத்ததை அவங்களுக்குக் காட்டி ஒவ்வொருத்தரா அந்தப் பக்கம் கரையேத்திட்டிருக்கேன். யாரும் தெருவுல நிக்கக் கூடாதில்ல.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அத்தான்.”

“உன்கிட்ட சொன்னா அக்காவுக்குப் போகும். அவ தாங்க மாட்டா. உன்னையும் எடுத்துக்கச் சொல்லிக் கேட்டேன். நீதான் அந்தக் கடைசிப் பக்கத்துல உன்னைப் பத்தி ஒரு தடவைகூட எழுதலை.”

யார் போனாலும் கை ஒடியும் என்று எழுதியவளுக்குத் தன் நினைப்பே வரவில்லை. “என்ன சொன்னாங்க?”

“அப்படி ஒருத்தி ஏற்கெனவே வந்தாச்சாம். நேத்தே சேர்ந்துட்டாளாம், நம்ம மாடிப் பொண்ணு. செருப்பைத் தள்ளிட்டுத்தான் உட்கார்றாளாம், நீ எழுதின மாதிரியே.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் அவளுடைய வெறுங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அவளுக்கும் உன் பேர்தான்னு நீ சொல்லவே இல்லையே,” என்றார்.