ஊதாச் சாயம்

"வெள்ளையணுன்னு சொல்லிப்போட்டு ஊதாவாக் காட்டறீங்களே, அம்மணி?"

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள் பழனியாத்தாள். திருப்பூர் சாயப்பட்டறையில் இருபது வருடம் துணி முக்கியவள்.

"சாயம் போட்டாத்தானுங்க கண்ணுக்குத் தெரியும்," என்று லேப் டெக்னீசியன் கிருபா சிரித்தாள். "உங்க ஒடம்புல கிருமி நுழைஞ்சா இதுகதான் முழுங்கும்."

போன வாரக் காய்ச்சலோடு மல்லுக்கட்டியது இந்தப் பொடிசுகளா! பழனியாத்தாள் மனதுக்குள் கும்பிட்டாள். புற்றுநோய்க்குப் போட்ட ஊசி இவற்றையும் சேர்த்து அழித்திருந்தது. போதுமான அளவு திரும்பி வந்திருந்தால்தான் நாளைக்கு அடுத்த ஊசி.

கிருபா எண்ணி முடித்து உதட்டைப் பிதுக்கினாள்.

"கொஞ்சம் கொறையுதுங்க."

"ஒரே முக்குல எல்லாத்துலயும் சாயம் ஏறாது, கண்ணு. இன்னொருக்கா முக்கி எண்ணிப் பாக்கறீங்களா?"