பாய் கடை நம்பர்

பானுப்ரியா வந்த முதல் நாளே நாற்காலியை உயர்த்திக்கொண்டாள். அடியில் ஒரு பிடி இருக்கிறதாம், இழுத்தால் ஏறுமாம். நான்கு மாதம் அதே நாற்காலியில் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வேலை செய்திருக்கிறேன். எனக்குத் தெரியாது.

எங்கள் ஆபீஸ் திண்டிவனத்தில். விவசாயிகளுக்கு விதை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுக்கும் கம்பெனி. ஏழாயிரம் பேருடைய பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. அதைக் கேட்டு வாங்க ஒரு கருப்புத் திரை. அதில் படம் கிடையாது, மவுஸ் கிடையாது. வேண்டியதை எழுத்து எழுத்தாக அடித்து என்டர் தட்ட வேண்டும். வானூர்க்காரர்கள் மட்டும் என்று கேட்டால் வானூர்க்காரர்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்பார்கள். ஒரு எழுத்து தப்பினால் ஒருவரும் வரமாட்டார்கள்.

நான் பத்தாவதோடு நின்றவள். படிவங்களைப் பார்த்து டைப் அடிக்கத்தான் சேர்ந்தேன். அந்தத் திரையைத் தென்னரசு அண்ணன் பார்த்துக்கொண்டார். டீ வைக்கிற சாக்கில் அவர் பின்னால் நிற்பேன். அவர் அடிப்பதை மனதில் வைத்துக்கொண்டு போய் வீட்டில் நோட்டில் எழுதுவேன். அவர் வேலையை விட்டுச் சென்னைக்குப் போனதும், மேனேஜர் குமரேசன் சார், "யாருக்காச்சும் இது தெரியுமா?" என்றார். நான் கை தூக்கவில்லை. எல்லோரும் சாப்பிடப் போனபோது உட்கார்ந்து, அவர் கேட்ட பட்டியலை எடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டேன். நாற்காலி எனக்கு வந்தது அப்படித்தான்.

பானுப்ரியா பி.சி.ஏ. படித்தவள். தினமும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருவாள். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பாள், அடித்துக்கொண்டே பேசவும் செய்வாள். மேல் அம்புக்குறியைத் தட்டினால் முன்னால் அடித்த வரி அப்படியே திரும்பி வரும் என்பதை அவள் தட்டித்தான் பார்த்தேன். நான் ஒவ்வொரு தடவையும் முழு வரியையும் முதலிலிருந்து அடித்தவள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சார் கூப்பிட்டார். "புனிதா, திங்கள்ல இருந்து நீ கொடோனுக்குப் போயிடும்மா. மல்லாட்டை பொறுக்க ஆளு கம்மியா இருக்குது. இங்க பானு பார்த்துக்கும்."

"சரிங்க சார்" என்றேன். வேறென்ன சொல்வேன்? திரும்பி வந்து பானுவின் பின்னால் நின்றேன். இன்னும் ஒரு நாள்தான் இந்தத் திரையைப் பார்க்க முடியும்.

மறுநாள் சனிக்கிழமை. விதை வாங்க வரச் சொல்லும் நாள். நான்கு மணிக்கு எல்லோருக்கும் மெசேஜ் போகும். அந்த மெசேஜ் வந்தவர்களுக்குத்தான் விதை. மூன்றரைக்கு அஞ்சம்மாள் அத்தை வந்தாள். எங்கள் தெரு.

"ஏ புனிதா! நீ இங்கதான் இருக்கறியா? கூட்டிப் பெருக்கறியா?"

"இல்லத்தே. டைப் அடிக்கறேன்."

"ம்க்கும். கம்ப்யூட்டர் பாக்கற மேடம் யாரு?"

சார் பானுவைக் காட்டினார். நான் அவள் பின்னாலேயே நின்றேன், தூண் மாதிரி.

"எங்க வூட்டுக்காரரு செத்து ஆறு மாசம் ஆவுது மேடம்" என்றாள் அத்தை. "இன்னும் அவரு பேருக்கு மெசேஜி வந்துக்கினே இருக்குது. முருகையன் அவர்களே, விதை வாங்க வருகன்னு. நாலு பேரு எதிர்ல படிக்கறாங்க. பேஜாரா இருக்குது. பேரை எடுத்துடுங்க."

"முருகையன்னு நிறைய பேர் இருப்பாங்கம்மா. போன் நம்பர் குடுங்க, கரெக்டா எடுத்துடறேன்."

அத்தை சுருக்குப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தாள். கடைசி நான்கு எண்களைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சாதிக் பாட்சா பாய் கடை நம்பர்.

எங்கள் தெருவில் யார் போன் நம்பர் கேட்டாலும் எல்லோரும் அதைத்தான் கொடுப்போம். பாதி வீட்டில் போன் இல்லை. இருக்கிற வீட்டிலும் சிம் மாறிக்கொண்டே இருக்கும். பாய் நம்பர் மாறாது. மெசேஜ் வந்தால் கடைக்கு வருகிறவர்களிடம் படித்துச் சொல்லிவிடுவார். படிவங்களை ஏற்றியபோது அந்த நம்பரை நானே நாற்பத்தொரு தடவை அடித்திருக்கிறேன். அதில் ஒன்று என் அம்மாவுடையது.

பானு முதலில் ஏதோ ஒரு வார்த்தையைத் தட்டிவிட்டு அடித்தாள். இந்த நம்பர் உள்ள ஆளை நீக்கு. அவ்வளவுதான். பெயரைச் சேர்க்கவில்லை.

அக்கா, பேரும் போடுங்க என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நாற்பத்தொரு பேர் போய்விடுவார்கள், நான்கு மணிக்கு அவர்களுக்கு மெசேஜ் போகாது, தெருவே திரண்டு வந்து கத்தும், சார் பானுவை எழுந்திருக்கச் சொல்வார். இவ்வளவையும் ஒரு நொடியில் நினைத்துவிட்டேன். அம்மாவும் விதையில்லாமல் நிற்பாள் என்பதையும் நினைத்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அவள் என்டரைத் தட்டினாள்.

நாற்பத்தொன்று நீக்கப்பட்டன என்று வந்தது. எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை மாற்றி எழுத முடியாது.

"அய்யே, நாப்பத்தொண்ணா?" என்றாள் பானு. பதறவில்லை. ரோல்பேக் என்று ஒரே ஒரு வார்த்தை அடித்தாள். பிறகு அதே நம்பரைப் போட்டுக் கேட்டாள். நாற்பத்தொரு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள்.

"போனது திரும்பி வருமா?" என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"வரும். முதல்ல பிகின்னு அடிச்சிட்டா, கடைசியா கமிட் குடுக்கற வரைக்கும் எதுவும் நிஜமா போவாது. நீ அடிக்க மாட்டியா?"

நான் அடித்ததே இல்லை. தென்னரசு அண்ணன் அதை எப்போது அடித்தாரோ, நான் பார்க்கவில்லை. நான்கு மாதமும் ஒவ்வொரு பெயரை எடுக்கும்போதும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் எடுத்தேன். இவள் பேசிக்கொண்டே எடுக்கிறாள்.

அத்தை திரைக்குள் எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் எங்க தெரு ஆளுங்களாச்சே! எல்லாருக்கும் பாய் நம்பருதானே மேடம். இவளுக்குத் தெரியாதா என்ன?"

பானு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் சார் எழுந்து வந்துவிட்டார். "என்ன, நாப்பத்தொண்ணுன்னு சத்தம் கேட்டுது?"

இனி கொடோன்கூடக் கிடைக்காது என்று நினைத்தேன்.

"ஒரே நம்பர்ல ஒரு தெருவே இருக்குது சார்" என்றாள் பானு. "புனிதாதான் சொன்னா. இல்லன்னா மொத்தத் தெருவையும் தூக்கியிருப்பேன்."

"எப்ப சொன்னா?" என்றாள் அத்தை.

"அப்ப கொடோனுக்குப் போவாத" என்றார் சார் என்னிடம். "ஊரு விவரம் தெரிஞ்ச ஆளு வேணும். ஒரு சேரை இழுத்துப் போட்டுக்கினு பானு பக்கத்துலயே உக்காரு."

பானு இந்தத் தடவை பெயரையும் சேர்த்து அடித்தாள். ஒன்று என்று வந்தது. கமிட் கொடுத்தாள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். நான்கு மணிக்கு மெசேஜ் போனது.

ஆறு மணிக்கு அவள் ரயிலுக்குப் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். அதைச் சொல்ல இரண்டு மணி நேரம் மனதுக்குள் வார்த்தை கோத்திருந்தேன்.

"அக்கா, எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்" என்றாள். "கருப்பு ஸ்கிரீன் இல்ல? பின்னால நிக்கறவங்க மூஞ்சி கண்ணாடி மாதிரி அதுல நல்லாத் தெரியும். ஏதோ தப்பா அடிச்சிருக்கேன்னு உன் மூஞ்சியைப் பார்த்தே புரிஞ்சுது. என்ன தப்புன்னுதான் புரியல. சரி, பிகின் போட்டிருக்கோமே, என்ன வருதுன்னு பாக்கலாம்னு தட்டினேன்."

சிரித்தாள். கோபமே இல்லை. "ஜல்தியா வந்துடு திங்கக்கெழம, உன் தெரு மாதிரி எத்தனை தெரு இருக்குன்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

திட்டியிருக்கலாம். சாரிடம் சொல்லியிருக்கலாம். நான் கொடோனில் உட்கார்ந்து மல்லாட்டை பொறுக்கிக்கொண்டே அவளை நிம்மதியாக வெறுத்திருப்பேன். இப்போது திங்கட்கிழமை அவள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்.