கையுறையில் மிஞ்சிய இடம்

இன்றும் விமானியின் விரல்கள் கையுறையின் நுனியைத் தொடவில்லை. நாட்டிலேயே ஒன்றே ஒன்றாக இருந்த அந்த விண்வெளிப் பயிற்சி உடைக்குள், நீர்த்தொட்டியின் ஓரத்தில் இரும்புச் சட்டத்தோடு பூட்டப்பட்டு நின்றவள், விரல்களை அசைத்துப் பார்த்தாள். துணி மட்டும் மடங்கியது.

“இன்னைக்கும் தண்ணிக்குள்ள ஸ்பேனரைத் தவற விட்டீங்கன்னா உங்களை விண்வெளிக்கு அனுப்ப மாட்டாங்கம்மா. மேல போயி குனிஞ்சு பொறுக்க முடியாது,” என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் கட்டுப்பாட்டு அறைக்கு ஏறிப் போனார்.

உடையை அணிவிக்கும் அக்கா தலைநிமிராமல் முழங்கை நாடாவை முடிந்துகொண்டிருந்தார். நாடாவை இழுத்துக் கட்டினால் உடையின் கை குறுகும், தளர்த்தினால் நீளும். கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடிய வேலை. பிழையும் அங்குதான் நேர்ந்தது. விமானியின் கையை அளந்த பிறகும் அவருடைய விரல்கள் பழைய இடத்திலேயே முடிச்சிட்டன.

“அக்கா, இந்தக் கையுறைக்குள்ள இன்னொருத்தர் தாராளமா குடியிருக்கலாம். வாடகைக்கு விட்டுடலாமா?”

சொன்னவுடனே விமானி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த உடையை முதலில் அணிந்தவர் அக்காவின் கணவர், நெட்டையான மனிதர். பயிற்சி விமானம் விழுந்து அவர் இறந்த பிறகு, வேறு உடை வாங்க வழியின்றி, இதையே கழுவி உலர்த்தி வைத்திருந்தார்கள்.

“கை இறுக்குதுன்னு எப்பவும் திட்டுவாரு,” என்றார் அக்கா. “இப்பவும் இழுத்துக் கட்டுனா, உள்ளேருந்து அவர் முகம் சுளிக்கிற மாதிரியே இருக்கு. நான் தளர்த்திக் கட்டுறதை நீங்க ஏன் மேலதிகாரிங்ககிட்ட சொல்லல?”

“சொன்னா உங்களை வேற எடத்துக்கு மாத்திடுவாங்க. ஆனா இன்னைக்கு எனக்கு என் கை வேணும்க்கா.”

அக்கா முடிச்சை அவிழ்த்து இழுத்தார். துணி மடிப்பு மடிப்பாகச் சுருங்கியது. உள்ளே இருக்கும் யாரையோ வெளியே தள்ளுவது போல் அவருக்கு மூச்சு வாங்கியது.

“இன்னும் கொஞ்சம்.”

இழுத்தார். கையுறையின் நுனிகள் நிறைந்தன. அந்த விரல்கள் அக்காவின் மணிக்கட்டைப் பற்றிப் பார்த்தன. சிறிய கை, அவர் அறியாத கை.

கிரேன் சட்டத்தோடு விமானியைத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கியது. தலைக்கவசத்தின் மேல் நீர் மூடிக்கொண்டது. சற்று நேரத்தில், “ஸ்பேனர் கையில இருக்கு,” என்று ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வெறுமையான மேடையில் நின்றிருந்தார். அவருடைய இரு கைகளும் கணவருடைய கையின் பழைய நீளத்திற்கு விரிந்தபடி, யாரும் இல்லாத காற்றைத் தாங்கிக்கொண்டிருந்தன.